ரெண்டு ரூட் கேனால், ரெண்டு கிளினிக்: பண்ணிக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

ரூட் கேனால், அதாவது பல்லுக்குள்ள இருக்கற நரம்பை எடுத்து வேர்ப் பாதையைச் சுத்தம் பண்ணி அடைக்கறது, அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். எனக்கு ரெண்டு கடவாப்பல்லுக்குப் பண்ணியிருக்கு, ரெண்டும் வேற வேற கிளினிக். ஒரு பல் போயே போச்சு, இன்னொண்ணு இன்னிக்கும் கல்லு மாதிரி நிக்குது. ஆனா வலி ரெண்டுலயுமே நின்னுடுச்சு. வலி நின்னுடுச்சுல்ல அப்போ நல்லாத்தான் பண்ணியிருக்காங்கன்னு நம்மள்ல பலபேர் நினைச்சுக்கறோம், நானும் அப்படித்தான் நினைச்சேன்.

முதல்ல போனது கீழ்க் கடவாப்பல். ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், எழுந்து உக்காந்தா கொஞ்சம் அடங்கும். சில்லுன்னு தண்ணி பட்டா கூச்சம் உடனே போகாது, அரை நிமிஷம் ஒரு நிமிஷம்னு நின்னு வலிக்கும். இந்த அறிகுறி வந்துட்டா உள்ள இருக்கற நரம்பு திரும்ப தேறாத நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். நான் மாத்திரை போட்டுப் போட்டு ஓட்டினேன், ஒரு நாள் வலி சுத்தமா நின்னுச்சு, அப்பாடான்னு இருந்துட்டேன். அப்படி தானா நின்னா சரியாயிடுச்சுன்னு எடுத்துக்காதீங்க, பெரும்பாலும் உள்ள நரம்பு செத்துப்போயிருக்கும், கிருமி அங்கயே உக்காந்துட்டு வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் செத்த நரம்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எப்படி அங்க போய்ச் சேரும்? அதனாலதான் பல்லைத் திறந்து உள்ள சுத்தம் பண்ணியே ஆகணும், இல்லைன்னா பல்லைப் பிடுங்கணும்.

அந்தக் கிளினிக் பேர் வேண்டாம். உக்கார வச்சாங்க, மரத்துப்போற ஊசி போட்டாங்க, கன்னத்துல பஞ்சை அடைச்சாங்க, ஆரம்பிச்சுட்டாங்க. பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட் எதுவும் போடல, அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அப்போ தெரியாது. மூணு சிட்டிங், ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம் கூட இருக்காது. கடைசி நாள் கேப், அதாவது பல்லு மேல மாட்டற உறை, எப்போ போடணும்னு கேட்டேன், "வலி இல்லேல்ல, மெதுவா பாத்துக்கலாம்"னு சொன்னாங்க. நானும் விட்டுட்டேன். எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் மெல்லும்போது டக்குன்னு ஒரு சத்தம், பல் நெடுக்க வேர் வரைக்கும் பிளந்துருச்சு. அதுக்கு மேல ஒட்ட வைக்கறதுக்கு வழியே இல்ல, பிடுங்கத்தான் வேண்டியிருந்துச்சு.

ஏன் பிளந்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. சொத்தை ஏற்கனவே பாதிப் பல்லைத் தின்னிருக்கும், உள்ள போறதுக்கு நடுவுல வேற ஓட்டை போடுவாங்க, மிச்சம் இருக்கறது மெல்லிசான சுவர்தான். கடவாப்பல்லு மேல விழற அழுத்தமோ ரொம்ப அதிகம். அதனால கடவாப்பல்லுக்கு ரூட் கேனால் பண்ணா அநேகமா எல்லாருக்குமே கேப் வேணும், அதுவும் மாசக்கணக்கா தள்ளிப்போடாம சில வாரத்துக்குள்ள. முன்பல்லு நல்லா மிச்சம் இருந்தா வெறும் அடைப்பே போதுமா இருக்கலாம், டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. கேப்புக்கு ஆகற செலவையும் சேர்த்து முதல் நாளே கணக்குப் போட்டுக்கங்க, பாதியில நிறுத்தறதுக்கு ஆரம்பிக்காமலே இருக்கலாம்.

ரெண்டாவது கிளினிக்குக்கு என் ஓட்டு முழுசா உண்டு. மேல்வரிசையில முதல் பெரிய கடவாப்பல். போனதும் வாயைத் திறன்னு சொல்லல, எப்போ வலிக்குது, சூடுக்கா குளிருக்கா, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கேட்டாங்க. குளிர்ந்த பஞ்சை ஒவ்வொரு பல்லா வச்சுப் பாத்தாங்க, தட்டிப் பாத்தாங்க, அப்புறம் எக்ஸ்ரே எடுத்து திரையில காட்டினாங்க, வேர் நுனியில கறுப்பா ஒரு நிழல். இந்தப் பல்லுல வேர்ப் பாதை மூணுன்னு நினைப்பாங்க, நாலாவது ஒண்ணு அடிக்கடி ஒளிஞ்சிருக்கும், அதைத் தேடாம விட்டா கிருமி அதுலயே தங்கிடும், அதனால நேரம் ஆகும்னு சொன்னாங்க. பிடுங்கிட்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்புல பதிக்கற செயற்கைப் பல், வைக்கறதும் ஒரு வழின்னு மறைக்காம சொன்னாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா, சுகர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னும் கேட்டாங்க. அவங்க கேக்காட்டியும் நீங்களே சொல்லிடுங்க, கர்ப்பமா இருந்தா கண்டிப்பா சொல்லுங்க.

ரப்பர் டேம்தான் எனக்குப் பெரிய வித்தியாசமா தெரிஞ்சுது. ஒரு மெல்லிசான ரப்பர் ஷீட்ல ஓட்டை போட்டு அந்தப் பல்லு மட்டும் வெளிய தெரியற மாதிரி கவ்வி மாட்டுவாங்க. 1864லயே சான்ஃபர்ட் பார்னம்ங்கற அமெரிக்க பல் டாக்டர் கொண்டுவந்தது, இன்னும் சில இடத்துல போடறதில்லைங்கறது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு. எச்சில்ல இருக்கற கிருமி உள்ள போகாது, பல்லுக்குள்ள சுரண்டற, ஊசி மாதிரி இருக்கற ஃபைல் தவறி விழுந்தாலும் தொண்டைக்குள்ள போகாது. உள்ள கழுவற திரவம் வேற சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச்ல இருக்கறதே, வாசனை நல்லா தெரியும், அது ஈறுல ஒழுகினா எரிஞ்சுரும். போறதுக்கு முன்னாடி ரப்பர் டேம் போடுவீங்களான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, பதில்லயே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

அப்புறம் உதட்டுல ஒரு சின்ன கொக்கி மாட்டினாங்க, ஃபைல் உள்ள இறங்க இறங்க ஒரு மெஷின் பீப் பீப்னு வேகமா அடிச்சுது, வேர் நுனி எங்க இருக்குன்னு அளக்கறதாம். கடைசியில கட்டாபெர்ச்சான்னு மரப்பால்ல இருந்து வர்ற ரப்பர் மாதிரி பொருளை வச்சு அடைச்சு, திரும்ப எக்ஸ்ரே. வெள்ளைக் கோடு நாலும் நுனி வரைக்கும் போயிருக்கறத நானே பாத்தேன்.

வலிச்சுதான்னு எல்லாரும் கேப்பீங்க. வேலை நடக்கும்போது எனக்கு வலிக்கல. ஆனா கொதிச்சுட்டு இருக்கற நரம்பு, அதுவும் கீழ்க் கடவாப்பல்லுல, ஒரு ஊசிக்கு சரியா மரக்காம போகலாம். கூச்சப்படாம கையைத் தூக்குங்க, நிறுத்திட்டு இன்னொரு ஊசி போடுவாங்க, பல்லைக் கடிச்சுட்டு தாங்கணும்னு எந்த அவசியமும் இல்ல. வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு மூணு நாள் கடிச்சா வலி இருந்துச்சு, அது சகஜம். இங்க ஒரே குறை, டெம்பரரி அடைப்பு லேசா உசரமா இருந்துச்சு, அதுல மோதி மோதி வலிக்குதுன்னு யாரும் முன்னாடியே சொல்லல, போய் அஞ்சு நிமிஷத்துல தேய்ச்சு விட்டதும் சரியாயிடுச்சு. வாயை ஒன்றரை மணி நேரம் திறந்து வச்சதுல தாடை வேற பிடிச்சுக்கிச்சு, நடுநடுவுல மூடிக்க விட்டிருக்கலாம்.

முகம் வீங்கி காய்ச்சல் வந்தா, வாய் திறக்க முடியலைன்னா, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. ரூட் கேனால் பண்ணா கேன்சர் வரும்னு சுத்தற ஃபார்வர்டை நம்பி வலியோட இருக்கறவங்களும் எனக்குத் தெரிஞ்சு இருக்காங்க, அதுக்கு ஆதாரமே கிடையாது.

மூணு வாரத்துல கேப் போட்டாச்சு. முன்னாடி எடுத்த எக்ஸ்ரே, பின்னாடி எடுத்தது, ரெண்டுக்கும் காப்பி கேட்டு வாங்கி போன்ல வச்சிருக்கேன். ஒரு வருஷம் கழிச்சு கூப்பிட்டு மறுபடி ஒண்ணு எடுத்தாங்க, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா வேர் நுனியில இருந்த கறுப்பு நிழல் கிட்டத்தட்ட மறைஞ்சு அங்க எலும்பு வளர்ந்திருக்கு.