குறும்படச் சுவரொட்டிக்கு இங்க்ஸ்கேப்

காட்சித் தொடர்பியல் இறுதியாண்டில் நாங்கள் எடுத்த 12 நிமிடக் குறும்படத்தின் திரையிடலுக்காகச் சுவரொட்டி, அழைப்பிதழ், யூடியூப் முகப்புப் படம் ஆகிய மூன்றையும் இங்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற வரைகலை மென்பொருளில் உருவாக்கினோம். 2003ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் இந்த மென்பொருளுக்குக் கட்டணமும் இல்லை, சந்தாவும் இல்லை. படப்பிடிப்பிலேயே கைக்காசு தீர்ந்துவிட்ட எங்களுக்கு அதுதான் முதல் ஈர்ப்பு; ஆனால் இதை மற்றவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது தமிழ் எழுத்தை இது கையாளும் விதத்திற்காக.

எங்கள் படத்தின் பெயரில் 'கொ' வருகிறது. ஒருங்குறித் (யூனிகோட்) தமிழைச் சரிவரக் கோக்காத மென்பொருள்களில் ககரம் முன்னே நிற்க, கொம்பும் காலும் அதன் பின்னே சிதறிக் கிடக்கும். இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்த உடனேயே கொம்பு தன் இடத்தில் போய் அமர்ந்தது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் கேட்டமரன் என்னும் எழுத்துரு 9 பருமன்களில் இருக்கிறது. அவற்றில் மிகத் தடித்ததை எடுத்து, எழுத்துகளைக் கோட்டு வடிவங்களாக மாற்றி, 'கொ'வின் காலை மட்டும் கீழே நீட்டி, படத்தில் வரும் கிணற்றுக் கயிறாகத் தொங்கவிட்டோம். சுவரொட்டியைப் பார்த்தவர்கள் அனைவரும் முதலில் கேட்டது அந்தக் கயிற்றைப் பற்றித்தான்.

அச்சகத்தார் 'கர்வ்' என்று சொல்லும் இந்த மாற்றத்தை அழைப்பிதழில் செய்ய மறந்துவிட்டோம். அச்சகக் கணினியில் எங்கள் எழுத்துரு இல்லாததால், 20 அழைப்பிதழ்கள் கொம்பு கழன்ற தமிழோடு அச்சாகி வந்தன. மாற்றிய பின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத கோப்பு ஒன்றையும் தனியே வைத்துக்கொள்வது அவசியம்.

கோடுகளால் ஆன வடிவங்களை எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறைவதில்லை. ஆகவே ஏ3 தாளுக்கு வரைந்த தலைப்பையே 1280×720 அளவுள்ள முகப்புப் படத்திலும் வைக்க முடிந்தது. ஒளிப்படங்களுக்கு இது பொருந்தாது. 1920×1080 காணொளியிலிருந்து எடுத்த ஒரு சட்டகம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் ஏறத்தாழ 16 செ.மீ. அகலத்துக்கே போதும், ஏ3 தாளின் அகலமோ 29.7 செ.மீ. படப்பிடிப்பு நாளிலேயே நிழற்படக் கருவியால் தனியாகச் சில படங்கள் எடுத்து வைப்பது நல்லது. அவற்றின் ஒளியையும் நிறத்தையும் திருத்த இங்க்ஸ்கேப் ஏற்றதன்று. அந்த வேலையை கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளில் முடித்துக்கொண்டுதான் இங்கே கொண்டுவர வேண்டும்.

இதன் உண்மையான குறை வண்ணம். அச்சு இயந்திரம் நான்கு மைகளில் வேலை செய்ய, இங்க்ஸ்கேப் தரும் பி.டி.எஃப். கோப்போ திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீலக் கலவையிலேயே இருக்கிறது. திரையில் ஆழமாகத் தெரிந்த எங்கள் இரவு நீலம், தாளில் ஊதா கலந்து மங்கியது. கோப்பை ஸ்கிரைபஸ் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோய் அங்கே நான்கு மை வண்ணங்களைக் குறிக்கலாம் என்றாலும், சமர்ப்பிக்கும் வாரத்தில் இரண்டாவது மென்பொருளைக் கற்பது எங்களால் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாதிரித் தாளை அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்து, நீலத்தை இருமுறை திருத்திய பிறகே 50 சுவரொட்டிகளை அச்சடிக்கச் சொன்னோம்.