குரூசர் ஜி2: வரப்போரம் நடந்து எய்வதற்கு ஏற்ற வில்

அமெரிக்காவின் 'பேர் ஆர்ச்சரி' நிறுவனத்தின் குரூசர் ஜி2 அடிப்படையில் ஒரு வேட்டை வில்; முனைகளில் சுழலும் சக்கரங்கள் கொண்ட 'காம்பவுண்ட்' வகையைச் சேர்ந்தது. அந்நாட்டின் மக்காச்சோளக் காடுகளின் ஓரத்தில் மெல்ல நடந்து வெள்ளைவால் மானை நெருங்குவோரும், மரத்தின்மேல் பரண் அமைத்துக் காத்திருப்போரும் இத்தகைய வில்களைத்தான் கையில் எடுக்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டைக்கு இடம் தரவில்லை. குரும்பப்பட்டிப் பூங்காவில் புள்ளிமான்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழும் சேலத்துக்காரன் என்ற முறையில், அந்தத் தடையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆகவே இங்கே இந்த வில்லுக்கு உரிய வேலை ஒன்றுதான்: நுரைப்பொருளால் செய்த மான் உருவங்களைத் தோட்டத்தில் ஆங்காங்கே நிறுத்தி, நடந்து நடந்து எய்யும் 3டி வில்வித்தை. குப்பனூர்ப் பக்கம் உறவினர் ஒருவரின் பாக்குத் தோப்பிலும் மரவள்ளிக் காட்டிலும் அவ்வாறு எய்து பழகியதை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

3டி வில்வித்தையின் சுவையே, இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லாமல் இருப்பதில்தான் உள்ளது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி காம்பவுண்ட் வில்லாளர்களுக்கு 45 மீட்டர் வரையில் உருவங்களை வைக்கலாம். தொலைவைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுப் பகுதியில் வரைந்திருக்கும் வளையங்களுக்கு உள்ளிருந்து வெளியாக 11, 10, 8 என்று மதிப்பெண். உடலின் மற்ற பகுதியில் பட்டால் 5. நான் வைத்திருக்கும் 50 பவுண்டு இழுவிசையில் (நாணை இழுக்கத் தேவைப்படும் விசை), 40 மீட்டரில் நிற்கும் உருவத்தை 35 மீட்டர் என்று எண்ணி எய்தால், அம்பு பதினைந்து சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்து போகிறது. தோப்புக்குள் வரிசையாக நிற்கும் பாக்கு மரங்கள் தொலைவைக் கணிக்கும் கண்ணை ஏமாற்றும். வெட்டவெளியான மரவள்ளிக் காட்டில் கணக்கு வேறாக இருக்கும். அத்தகைய நிலத்தில் எந்த வில் கைக்கு அடங்கி நிற்கிறது என்பதே கேள்வி.

இந்த வில் அடங்கி நிற்கிறது. இரு முனைச் சக்கரங்களின் அச்சுக்கு அச்சு 30 அங்குல நீளமும், துணைக்கருவிகள் இல்லாமல் 3 பவுண்டு எடையும் மட்டுமே உள்ளதால், வரப்பில் ஏறி இறங்கும்போதும், தாழ்ந்த மட்டைகளுக்கு அடியில் முழங்காலிட்டு எய்யும்போதும் எதிலும் மோதுவதில்லை. நாணை முழுவதும் இழுத்தபின் கேம்கள் எனப்படும் அந்த முனைச் சக்கரங்கள் உருண்டு திரும்பி விரல்மேல் உள்ள சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. உச்சத்தில் 50 பவுண்டு இழுத்த கை, குறிபார்க்கும் வேளையில் அதில் ஒரு சிறு பங்கைத்தான் பிடித்திருக்கிறது. மிசௌரி மாநிலத்து வேட்டைக்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்த வசதி இது. தொலைவு தெரியாத இலக்கின் முன் இந்த வசதிக்கு மதிப்பு அதிகம். இழுத்த நிலையில் நிதானித்து, கணிப்பில் ஐயம் வந்தால் எய்யாமலேயே நாணை மெதுவாக இறக்கிவிடவும் முடிகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது இதன் சரிசெய்யும் எல்லை. இழுவிசையை 5 பவுண்டிலிருந்து 70 பவுண்டு வரையிலும், நாணைப் பின்னுக்கு இழுக்கும் தூரமான இழுநீளத்தை 12 அங்குலத்திலிருந்து 30 அங்குலம் வரையிலும், வில் அழுத்தும் கருவி (வில்லை வளைத்துப் பிடித்து நாணைத் தளர்த்தும் பொறி) இல்லாமல் ஓர் அறுகோணச் சாவியைக் கொண்டே மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்குச் செல்லும் மகளும் நானும் ஒரே வில்லைப் பகிர்ந்துகொள்கிறோம். பிள்ளை வளர வளரப் புதிய வில் வாங்கும் செலவு இல்லை என்பது நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறிய செய்தி அன்று. ஆனால் ஒவ்வொரு முறை இழுவிசையை மாற்றும்போதும் குறிகாட்டியின் ஊசிகளை மீண்டும் அமைத்தாக வேண்டும். அம்பின் விறைப்பும் இழுவிசைக்குப் பொருந்த வேண்டும். மகளுக்கென்று தனி அம்புகள் வாங்கியே தீர வேண்டியிருந்தது.

ஓசை மிகக் குறைவு. வேட்டைக்காரர்களுக்கு இது உயிரான செய்தி. ஒலி அம்பைவிட மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்வதால், நாணின் அதிர்வைக் கேட்ட மான் அம்பு வந்து சேருமுன்னே உடலைத் தாழ்த்திப் பாயத் தொடங்கிவிடும். நுரை மானுக்குக் காது இல்லை என்றாலும், அக்கம்பக்கத்துக் காட்டில் வேலை செய்வோரையும் கட்டியிருக்கும் மாடுகளையும் மிரளச் செய்யாமல் பழக முடிவது எனக்குப் பெரிய நிறைவு.

குறுகிய வில்லுக்கு உரிய எல்லையும் இதற்கு உண்டு. சமதள மைதானத்தில் 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் இலக்குத்தாளை எய்யும் போட்டியே உங்கள் நோக்கம் என்றால், அதற்கென்றே நீளமாகவும் கனமாகவும் செய்யப்படும் இலக்கு வில்லை வாங்குங்கள். நீண்ட வில் கையில் அசைவின்றி நிற்கும். இதன் இலேசான உடல் காற்றிலும் கை நடுக்கத்திலும் எளிதில் அசையும். உற்பத்தியாளர் குறிப்பிடும் நொடிக்கு 315 அடி வேகம், 70 பவுண்டு இழுவிசையிலும் 30 அங்குல இழுநீளத்திலும் எடை குறைந்த அம்பைக் கொண்டு அளந்தது என்பதையும் கருத வேண்டும். காம்பவுண்ட் போட்டிகளில் உச்ச வரம்பு 60 பவுண்டு. ஆகவே போட்டிக்குச் செல்வோர் விசையை அதற்குள் இறக்கியே வைக்க வேண்டும்.

நம் ஊரின் வெயிலில் இதைப் பூட்டிய காருக்குள் விட்டுவிடாதீர்கள். வெப்பம் நாணையும், வில்லின் வளையும் தகடுகளையும் கெடுக்கும். ஏற்காட்டுப் பனியில் நனைந்தால் நன்கு துடைத்து, நாணுக்கு மெழுகு பூசுங்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவதைப் பிள்ளைகள் விளையாட்டாகவும் செய்ய விடக் கூடாது. ஒரே ஒருமுறை செய்தாலும் வில் உடையக்கூடும். ஒவ்வொரு உருவத்துக்கும் பின்னால் மண்மேடோ உயர்ந்த கரையோ இருக்கும்படி இடம் தேர்ந்தெடுங்கள். மலையடிவாரத் தோட்டமானால், அதிகாலையில் காட்டெருமை நிற்கிறதா என்று காவல்காரரிடம் கேட்ட பின்னரே நடக்கத் தொடங்குங்கள். நாண் மாற்ற வேண்டிய நாளில் வில் அழுத்தும் கருவி கட்டாயம் தேவைப்படும் என்பதால், அது வைத்திருக்கும் பயிற்சியாளர் உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.