அன்ஏபிள், இன்கேப்பபிள், இன்காம்பிட்டன்ட்: எதை எங்கே எழுதுவது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறார்கள். ஆங்கிலம் அவர்களுக்குப் பெரும்பாலும் எழுத்தில் மட்டுமே வாய்க்கிறது. அவர்கள் எழுதும் விடுப்புக் கடிதங்களில் அடிக்கடி தட்டுப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘ஐ ஆம் இன்கேப்பபிள் டு கம் டு ஸ்கூல்.’ காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை சொல்ல நினைத்தது இன்று வர முடியவில்லை என்பதுதான். எழுதியிருப்பதோ, பள்ளிக்கு வரும் ஆற்றலே தன்னிடம் இல்லை என்று பொருள்படுகிறது. அதோடு இலக்கணமும் பிசகியிருக்கிறது.

கையடக்க அகராதிகள் அன்ஏபிள், இன்கேப்பபிள், இன்காம்பிட்டன்ட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் ‘இயலாத’, ‘திறனற்ற’ என்று ஏறக்குறைய ஒரே பொருளைக் கொடுத்துவிடுவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. உண்மையில் தடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே சொல் மாறுகிறது. அன்ஏபிள் என்றால், பெரும்பாலும் தடை சூழ்நிலையில் இருக்கிறது: காய்ச்சல், பஸ் வராதது, பணமில்லாதது. இன்கேப்பபிள் என்றால், தடை அந்த ஆளின் அல்லது பொருளின் இயல்பிலேயே இருக்கிறது. இன்காம்பிட்டன்ட் என்றால், ஒரு வேலைக்குத் தேவையான தேர்ச்சி அவரிடம் இல்லை என்று பிறர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசுகிறவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ‘என்னால் வர முடியவில்லை’ என்பதையும் ‘அவனால் பொய் சொல்லவே முடியாது’ என்பதையும் நாம் ஒருநாளும் மாற்றிச் சொல்வதில்லை. நடந்த ஒன்றுக்குப் ‘பற்றியில்ல’ என்றும் பொதுவாக நடக்காத ஒன்றுக்குப் ‘பற்றில்ல’ என்றும் சொல்லும் மலையாளமும் இதே உணர்வை வினையிலேயே வைத்திருக்கிறது. நாம் வினையின் வடிவத்தால் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் இங்கே பெயரடையைத் தேர்ந்தெடுப்பதன் மூலமும் காட்டுகிறது என்று புரிந்துகொண்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி, சொல்லுக்குப் பின்னால் வரும் அமைப்பு. அன்ஏபிளுக்குப் பின் ‘டு’ வந்து, அதையடுத்து வினையின் அடிவடிவம் வர வேண்டும்: ‘ஐ ஆம் அன்ஏபிள் டு அட்டெண்ட் ஸ்கூல் டுடே.’ இன்கேப்பபிளுக்குப் பின் ‘ஆஃப்’ வந்து, அதையடுத்து ‘இங்’ சேர்ந்த வடிவமோ பெயர்ச்சொல்லோ வர வேண்டும்: ‘ஹி இஸ் இன்கேப்பபிள் ஆஃப் லையிங்.’ ‘இன்கேப்பபிள் டு’, ‘அன்ஏபிள் ஆஃப்’ ஆகிய இரண்டும் பிழை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்ஏபிளைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வைப்பதில்லை. ‘ஆன் அன்ஏபிள் மேன்’ என்று யாரும் எழுதுவதில்லை. இன்காம்பிட்டன்ட் அந்த இடத்தில் தடையின்றி உட்காரும்: ‘ஆன் இன்காம்பிட்டன்ட் டிரைவர்.’

மேலே சொன்ன ‘இன்கேப்பபிள் ஆஃப் லையிங்’ ஒரு பாராட்டு. பொய் என்பது அவர் சுபாவத்திலேயே இல்லை என்று அது சொல்கிறது. அதே இடத்தில் ‘அன்ஏபிள் டு லை’ என்று எழுதினால், பொய் சொல்ல விரும்பியும் ஏதோ ஒன்று அவரைத் தடுத்துவிட்டது என்ற தொனி வந்துவிடும். ஆகவே இன்கேப்பபிள் எப்போதும் இழிவான சொல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. குறை சொல்லவும் அது பயன்படும், மாசற்ற குணத்தைச் சொல்லவும் பயன்படும்.

இந்தத் தாலுகாவில் சொல் தேர்வு உண்மையாகவே விலை பெறும் இடம் மனுக்கள்தான். தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்வதற்கான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். சித்தூர்ப் புழையை நம்பியிருக்கும் விவசாயி, தண்ணீர் குறைந்த பருவத்தில் ‘வீ ஆர் அன்ஏபிள் டு இரிகேட் அவர் ஃபீல்ட்ஸ்’ என்று எழுதினால், தண்ணீர் வந்தால் பாய்ச்சிக்கொள்வோம், இப்போது வரவில்லை என்பது விளங்கிவிடும். ‘இன்கேப்பபிள் ஆஃப் இரிகேட்டிங்’ என்று எழுதினால் குறை அவர் மேலேயே விழும். தூர்வாரப்படாத ஒடுங்கிய வாய்க்காலைப் பற்றி எழுதும்போதோ இன்கேப்பபிள் மிகச் சரியாகப் பொருந்தும்: ‘தி கெனால் இஸ் இன்கேப்பபிள் ஆஃப் கேரியிங் மோர் வாட்டர்.’ அங்கே குறை வாய்க்காலின் அமைப்பிலேயே இருக்கிறது. மனு எழுதித் தருகிறவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்; பாதிக்கப்பட்டவரே தன்னைக் குற்றவாளியாக எழுதிக்கொள்வதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

சட்டத்தின் ஆங்கிலத்திலும் இந்தப் பிரிவினையைக் காணலாம். ஜீவனாம்சம் பற்றிய பிரிவு, 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 144ஆவது பிரிவு. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத மனைவியை அது ‘அன்ஏபிள் டு மெயின்டெயின் ஹர்செல்ஃப்’ என்றே குறிக்கிறது. அவளிடம் வழிவகை இல்லை என்பது மட்டுமே அங்கே சொல்லப்படுகிறது. அவள் தகுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதே பிரிவு, உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத வயதுவந்த பிள்ளைக்கும் அன்ஏபிள் என்றே எழுதுகிறது. எனவே அன்ஏபிள் என்றாலே தற்காலிகம் என்று கறாராகக் கோடு கிழிக்க முடியாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 68ஆவது பிரிவோ, ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி இல்லாதவரை ‘இன்கேப்பபிள் ஆஃப் என்டரிங் இன்டு எ கான்ட்ராக்ட்’ என்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவன் நிலை அதுதான்.

இன்காம்பிட்டன்ட் என்ற சொல்லை நீதிமன்றச் சொல்வழக்குக்கு வெளியே எழுதுமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஓர் ஊழியரை அப்படிக் குறிப்பிடுவது, வேலை தெரியாதவர் என்று குற்றம் சாட்டுவதற்குச் சமம். நம் அலுவலகங்களில் ‘காம்பிட்டன்ட் அத்தாரிட்டி’ என்பது உரிய அதிகாரம் பெற்ற அலுவலரைக் குறிக்கும். அந்த அதிகாரம் ஒருவருக்கு இல்லை என்றால் ‘நாட் தி காம்பிட்டன்ட் அத்தாரிட்டி’ என்றுதான் எழுத வேண்டும். ‘இன்காம்பிட்டன்ட் அத்தாரிட்டி’ என்று சுருக்கினால், அது அந்த அலுவலரைத் திட்டியதாக ஆகிவிடும். தன்னடக்கத்தோடு ‘ஐ ஆம் இன்காம்பிட்டன்ட்’ என்று வேலை விண்ணப்பத்தில் எழுதுவதும் கூடாது. ஒரு வேலை இன்னும் பழகவில்லை என்றால், பழகவில்லை என்றே எழுதிவிடலாம்.

செயப்பாட்டு வினை வரும் இடத்தில் மட்டும் அன்ஏபிள் தடுமாறும். பழுதுபார்க்கவே முடியாத பம்ப்செட்டை ‘இன்கேப்பபிள் ஆஃப் பீயிங் ரிப்பேர்ட்’ என்பது இயல்பு. ‘அன்ஏபிள் டு பி ரிப்பேர்ட்’ என்பது காதில் உறுத்தும். மற்றபடி எதை எழுதுவது என்று ஐயம் வந்தால் அன்ஏபிளையே எழுதுங்கள் என்பேன். அது யார் மனத்தையும் புண்படுத்தாது.

பெயர்ச்சொல்லாக்கும்போது ஒரு வழுக்கல் உண்டு. அன்ஏபிளுக்குரிய பெயர்ச்சொல் ‘இன்எபிலிட்டி’. முன்னொட்டு அங்கே மாறிவிடுவதால் ‘அன்எபிலிட்டி’ என்று எழுதினால் பிழை. விடுப்புக் கடிதத்தில் ‘ஐ ரிக்ரெட் மை இன்எபிலிட்டி டு அட்டெண்ட்’ என்று எழுதலாம். அங்கேயும் பின்னால் வருவது ‘டு’தான்.