பழைய மோட்டார் போட்டுக்கு (படகுக்கு) சீட் கட்டிக் கொடுத்த குஷன் ஒர்க்ஸ்: நாலு ஸ்டார், அஞ்சாவது ஏன் இல்லன்னா...

தையல் பிரமாதம், ஃபோம் பிரமாதம், பலகை வேலை நான் எதிர்பார்த்ததை விட நல்லா வந்திருக்கு. ஆனா இடது பக்க நீள சீட்டுல ஸ்டேப்பிள் விஷயத்துல சொதப்பிட்டாங்க, அந்த ஒரு ஸ்டார் அதுக்குப் போச்சு. கொஞ்சம் விவரமாவே எழுதுறேன், ஏன்னா பழைய போட்டை வாங்கிட்டு உள்ள எல்லாம் கிழிஞ்சு கிடக்கேன்னு கடை தேடுறவங்களுக்கு "சூப்பரா பண்ணாங்க, கலர் அள்ளுது"ன்னு ஒரு வரி எழுதினா எந்த பிரயோஜனமும் இல்ல. புதுசா போட்ட அன்னைக்கு எல்லா ரெக்ஸினும் அழகாத்தான் இருக்கும். காசு எங்க போகுதுன்னா கண்ணுக்குத் தெரியாத நூல்லயும் பலகையிலயும் ஸ்டேப்பிள்லயும்தான்.

போட் ஃபைபர் பாடி, இன்போர்டு பெட்ரோல் இன்ஜின், அதாவது இன்ஜின் போட்டுக்கு உள்ளயே இருக்கும். சீட் எல்லாம் கம்பெனியில இருந்து வந்தப்போ போட்டதே இருந்துச்சு, மேல தொட்டா ரெக்ஸின் அப்பளம் மாதிரி நொறுங்கும். பின்சீட்ல பிங்க் கலர்ல திட்டுத் திட்டா கறை வேற. பழைய போட் வச்சிருக்கிற நெறைய பேர் இந்தப் பிங்க் கறையை ஏதோ அழுக்குன்னு நெனச்சு தேய் தேய்னு தேய்ப்பாங்க, ஆனா அது மேலேருந்து வர்றதே இல்ல. ஈரம் தங்கின ஃபோமுக்குள்ள ஒரு நுண்ணுயிர் வளருது, அது விடுற சாயம் ரெக்ஸினுக்குள்ள ஊறி அடியிலேருந்து மேல வருது, அதனால எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. கடைக்காரர் பார்த்த உடனே "கவரை மட்டும் மாத்தினா திரும்ப வந்துரும் சார், ஃபோமையும் சேர்த்துத் தூக்கிப் போட்டாத்தான் உண்டு"ன்னு சொல்லிட்டார். கவர் மட்டும் போதும்னு சொல்லியிருந்தா அவருக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும், அப்படிச் சொல்லல, அங்கயே எனக்கு ஆளைப் பிடிச்சுப் போச்சு.

பழைய கவரைப் பிரிச்ச விதத்தைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். கிழிக்கவே இல்ல, தையல் பிரிக்கிற சின்ன கத்தியால ஒவ்வொரு தையலா பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னாடி நம்பர் போட்டு, எது எதோட சேருதுன்னு குறுக்க கோடு கிழிச்சு வச்சுக்கிட்டார். அதை அப்படியே வச்சும் வெட்டல, "பழசு இழுத்து தொளதொளன்னு ஆகியிருக்கும், அதே அளவுக்கு வெட்டினா புதுசுலயும் சுருக்கம் விழும்"னு ஃபோமை அளந்து கொஞ்சம் உள்ள தள்ளித்தான் வெட்டினார். கடைசியில சீட் மூலையில ஒரு மடிப்பு கூட இல்ல, டிரம் மாதிரி விறைப்பா உக்காந்திருக்கு.

ஃபோம் பத்தி. வீட்டு சோஃபாவுக்குப் போடுற சாதா ஃபோம் தண்ணியைக் குடிச்சா விடாது, பழைய சீட்டைத் தூக்கும்போது அது இருந்த கனத்துலயே தெரிஞ்சுது. இவங்க ரெண்டு விதமா போட்டாங்க. வெளிய மழையில நனையிற பின்சீட்டுக்கு பெரிய துளை உள்ள, தண்ணி ஊத்தினா அப்படியே கீழ வடிஞ்சு போற வகை, அதுக்கு அடியில ரெக்ஸினுக்குப் பதிலா வலைத்துணி. டிரைவர் சீட்டுக்கும் உள்பக்கம் இருக்கிறதுக்கும் 40 டென்சிட்டி கெட்டி ஃபோம். முன்னாடி எல்லாம் அலையில போட் தூக்கிப் போடும்போது பலகை இடுப்புல இடிக்கும், இப்ப இல்ல.

ரெக்ஸின் மரைன் கிரேடுதான், வெயிலையும் பூஞ்சையையும் தாங்குற மாதிரி செய்றது, பின்பக்கம் பாலியஸ்டர் பின்னல் துணி. காருக்குப் போடுறதையே போட்டுட்டு மரைன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதனால ரோலோட லேபிளைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கிட்டேன், சலிச்சுக்காம காட்டினாங்க. கலர் வெளிர் சாம்பல். சுத்த வெள்ளை வெயில்ல கண்ணைக் கூசும், கறுப்பு போட்டா மத்தியானம் டவுசரோட உக்கார முடியாது.

நூல்லதான் பாதி கடைங்க கோட்டை விடும். பருத்தி நூல் ஈரத்துல மக்கிரும், நைலான் நல்ல பலம்தான் ஆனா வெயில் பட்டுக்கிட்டே இருந்தா இத்துப் போகும், அதனால ரெக்ஸின் நல்லா இருக்கும்போதே தையல் விட்டுரும். இவங்க பாலியஸ்டர் நூல், வெயிலுக்குன்னே வர்றது. டெனாரான்னு பிடிஎஃப்இ (நான்ஸ்டிக் தவாவுல பூசுற அதே பிளாஸ்டிக்) நூல் ஒண்ணு இருக்கு, வெயில் அதை ஒண்ணும் பண்ணாது, ஆனா பாலியஸ்டரை விட பல மடங்கு விலை, ரெக்ஸினே அதுக்கு முன்னாடி போயிரும்ங்கிறதால நான் வேண்டாம்னுட்டேன்.

சீட் மேல கட்டம் கட்டமா டைமண்ட் தையல் போடலாம்னு ரொம்ப ஆசையா ஆல்பம் எல்லாம் காட்டினாங்க. வேண்டவே வேண்டாம்னேன். உக்கார்ற இடத்துல ஒவ்வொரு ஊசி ஓட்டையும் தண்ணி உள்ள இறங்குற வழி, நூத்துக்கணக்குல ஓட்டை போட்டுட்டு அப்புறம் ஃபோம் நாறுதுன்னு அழுறதுல என்ன அர்த்தம். மேல ஒரே துண்டு, தையல் எல்லாம் ஓரத்துல பைப்பிங்கோட (உள்ள கயிறு வச்சுத் தைக்கிற உருண்டை விளிம்பு). பார்க்க ப்ளெய்னா இருக்குன்னு சிலர் சொன்னாங்க, இருந்துட்டுப் போகட்டும்.

பலகை எல்லாம் உள்ள உளுத்து ஸ்க்ரூ பிடிக்காம இருந்துச்சு, புது மரைன் பிளைவுட்ல வெட்டிக் கொடுத்தாங்க. மரைன் பிளைவுட்னா மக்கவே மக்காதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு, பசைதான் தண்ணிக்கு விடாது, மரம் மரம்தான். ஓரத்துக்கும் ஸ்க்ரூ ஓட்டைக்கும் தண்ணி இறங்காம எபாக்ஸி பிசின் ஊட்டணும், இவங்க சொல்லாமலே ஊட்டியிருந்தாங்க. அலுமினியம் போட் வச்சிருக்கவங்க இங்க ஒண்ணு கவனிங்க, செம்பு மருந்து ஏத்தின பிளைவுட்டை உள்ள போட விட்டுராதீங்க, ஈரத்துல அந்தச் செம்பு அலுமினியத்தை அரிச்சுரும்.

இப்ப அந்த ஸ்டேப்பிள் கதை. ரெக்ஸினைப் பலகையில அடிக்கிற ஸ்டேப்பிள் எல்லாமே ஸ்டெயின்லெஸ் 316 (உப்புத் தண்ணியைத் தாங்குற, காந்தத்துல சரியா ஒட்டாத ரகம்)னு பேசித்தான் கொடுத்தேன். வந்து மாட்டினப்போ ஒண்ணும் தெரியல. கொஞ்ச நாள்ல இடது பக்க சீட்டோட அடி ஓரத்துல மட்டும் பழுப்புக் கோடு இறங்க ஆரம்பிச்சுது. கழட்டித் திருப்பி ஒரு காந்தத்தை வச்சா, மத்த சீட்ல எல்லாம் சும்மா நழுவுது, இதுல டப்புனு ஒட்டுது. சாதா ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) ஸ்டேப்பிள். பாதியில ஸ்டாக் தீர்ந்து போய் யாரோ ஒரு பையன் கையில கிடைச்சதை அடிச்சிருக்கான். எடுத்துட்டுப் போனா சண்டை எதுவும் இல்ல, எல்லாத்தையும் பிடுங்கிட்டு திரும்ப அடிச்சுக் கொடுத்தாங்க, காசும் வாங்கல. ஆனா ரெக்ஸின்ல இறங்கின துருக்கறை லேசா அப்படியே இருக்கு, அந்தப் பக்கத் துண்டை மட்டுமாவது மாத்தியிருக்கணும், கேட்டதுக்கு "அது அடியில சார், யார் பார்க்கப் போறா"ன்னாங்க. எனக்கு அந்தப் பதில் பிடிக்கல.

இன்ஜின் மேல இருக்கிற பெரிய குஷனுக்கு தனியா பாராட்டணும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், கீழதான் தங்கும், அது இன்ஜின் அறையில தேங்கித் தீப்பிடிக்காம வெளிய இழுக்கத்தான் புளோயரும் (காத்தை வெளியேத்துற ஃபேன்) காத்து வழியும். அழகுக்காக ஃபோமை நீட்டி அந்த வழியை மூடுற ஆளுங்க இருக்காங்க. இவங்க காத்துவழியை அளந்து அதுக்கு இடம் விட்டுத்தான் தைச்சாங்க.

தரை கார்ப்பெட்டும் மாத்தித் தரோம்னாங்க, நான் கொடுக்கல. முதல்ல தரையை சுத்தியலால தட்டிப் பார்க்கணும், டங்குன்னு கேக்குற இடம் சரி, பொத்துனு கேட்டா கீழ மரம் போச்சுன்னு அர்த்தம், அது மேல கார்ப்பெட்டை ஒட்டினா பணம் தண்டம். என் போட்ல முன்னாடி ரெண்டு இடம் பொத்துன்னுதான் கேக்குது, அதனால அது தனி வேலை.

சொன்ன தேதிக்குத் தரல, ஃபோன் பண்ணா "நாளைக்கு"தான். சீசனுக்கு முன்னாடி கொடுக்கிறவங்க அதுக்கேத்த மாதிரி முன்கூட்டியே கொடுங்க. துடைக்க மைல்டு சோப்பும் மெத்து பிரஷும் போதும்னு எழுதியே கொடுத்தாங்க. பிளீச் நூலைத் தின்னும், அந்த வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்ச் நைஸ் உப்புத்தாள் கணக்கா மேல்பூச்சை உரிச்சுரும், ரெண்டும் வேண்டாம். திரும்ப இவங்ககிட்டயே கொடுப்பேன், ஆனா டெலிவரி எடுக்கிற அன்னைக்கு பாக்கெட்ல ஒரு காந்தம் இருக்கும்.