முதலில் எதைப் பார்ப்பது: சோல் ஈட்டரா, ப்ளூ எக்ஸார்சிஸ்ட்டா?

இரண்டும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்; இரண்டுமே அசுரர்களை அடக்கப் பயிலும் மாணவர்களின் கதை. சிரிப்பதற்கென்றால் தயங்காமல் 'சோல் ஈட்டர்' என்பேன். போன்ஸ் நிறுவனம் 2008-09இல் தயாரித்த 51 அத்தியாயங்கள். பள்ளி முதல்வர் சாட்சாத் மரண தேவன். ஆயுதமாக உருமாறும் மாணவரும் அதை ஏந்துபவரும் ஜோடி சேர்ந்து 99 தீய ஆன்மாக்களையும் ஒரு சூனியக்காரியின் ஆன்மாவையும் சேர்க்க வேண்டும். நாயகி மாகாவும் அவளுடைய ஆயுதமான சோலும் முதல் அத்தியாயத்திலேயே அந்த நூறாவதில் கோட்டைவிடுகிறார்கள்: சூனியக்காரி என்று நினைத்தது மந்திரம் தெரிந்த வெறும் பூனை! சேர்த்ததெல்லாம் பறிபோய், மறுபடியும் பூஜ்யம். மரண தேவனின் மகன் கிட் இன்னும் மோசம். வீட்டுக் கழிப்பறைக் காகிதத்தின் நுனியைச் சரியாக மடித்தோமா என்ற கவலையில் சண்டையையே விட்டுப் போவான். எக்ஸ்காலிபர் என்ற புனித வாளோ, தன்னை ஏந்த ஆயிரம் விதிமுறைகள் போடும் மகா அறுவை.

2011இல் வந்த 'ப்ளூ எக்ஸார்சிஸ்ட்' அழுத்தமானது. சாத்தானின் மகன் ரின், வளர்ப்புத் தந்தையைப் பறிகொடுத்தபின் பேயோட்டுபவனாகப் பயில்கிறான். வகுப்பாசிரியர் அவனுடைய இரட்டைச் சகோதரன் யுகியோ. நகைச்சுவையில் பாதி இந்த உறவிலிருந்தே பிறக்கிறது.

முடிவில் இரண்டுமே சறுக்குகின்றன. மூலமான மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) முடியுமுன் எடுத்ததால் இரண்டுக்கும் சொந்தமாக ஒரு முடிவைக் கட்டினார்கள். ரின் கதையின் 2017 தொடர்ச்சி அந்த முடிவைக் கண்டுகொள்ளாமல் மாங்காவின் பாதைக்கே திரும்பிவிட்டது. சோல் ஈட்டரின் உண்மையான முடிவுக்கு 25 தொகுதி மாங்காதான் வழி.