நேர்த்திக்குப் பேரா, நேரத்துக்குப் பேரா?

அனிமேஷன் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "அக்கா, ஷாட் மனசுக்குத் திருப்தியா வர்ற வரைக்கும் விடாம உட்காரணுமா, இல்ல சொன்ன தேதிக்குக் கொடுத்துடணுமா? எதுல பேர் கிடைக்கும்?"

இரண்டிலும் பேர் கிடைக்கும். ஆனால் இரண்டும் ஒரே பேர் இல்லை. 1990களில் முடிவுக்கு வந்த இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஒன்று லண்டனில் நடந்தது, மற்றது கலிஃபோர்னியாவில்.

முதலில் லண்டன். ரிச்சர்ட் வில்லியம்ஸ் டொரோண்டோவில் பிறந்தவர். லண்டனில் சொந்த ஸ்டூடியோ வைத்து விளம்பரப் படங்களும் சினிமா டைட்டில்களும் செய்தார். அதில் வந்த வருமானத்தைத் தன் கனவுப் படத்தில் கொட்டினார். 1964இல் தொடங்கிய அந்த வேலைதான் பிற்பாடு 'தி தீஃப் அண்ட் த காப்ளர்' என்று அறியப்பட்ட படம். சினிமாவில் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடும். பொதுவாக ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்குப் பிடித்து, செகண்டுக்கு 12 ஓவியம் வரைந்தால் கண்ணுக்குப் போதும். அவர் 24 ஃப்ரேமுக்கும் 24 ஓவியம் வரைய வைத்தார். அமெரிக்காவிலிருந்து கென் ஹாரிஸ், ஆர்ட் பாபிட் போன்ற பழைய கைகளை வரவழைத்துத் தன் ஸ்டூடியோப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொன்னார். ஒரு ஸ்டூடியோவே பள்ளிக்கூடம் மாதிரி நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இடையில் ஒரு சவுதி இளவரசர் சோதனைக் காட்சி ஒன்றுக்குப் பணம் கொடுத்தார். கெடு தாண்டியது, செலவும் கூடியது, அவர் விலகிக்கொண்டார். அதைப் பெரிய எச்சரிக்கையாக வில்லியம்ஸ் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் நிஜ நடிகர்களும் கார்ட்டூன் பாத்திரங்களும் சேர்ந்து வரும் 'ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்' வந்தது. 1988 ஜூனில் வெளியான படம். அனிமேஷன் இயக்குநர் வில்லியம்ஸ்தான், ஆனால் படத்தின் இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ். தேதியை முடிவு செய்தவர்களும் வேறு ஆட்கள். கலிஃபோர்னியாவில் இன்னொரு குழுவும் சேர்ந்து உழைத்தது. படம் வந்தது, வில்லியம்ஸுக்குச் சிறப்பு ஆஸ்கரும் கிடைத்தது. அந்தப் பேரை நம்பித்தான் ஹாலிவுட் கம்பெனியான வார்னர் பிரதர்ஸ் அவருடைய சொந்தப் படத்துக்குக் கை கொடுத்தது.

இப்போது பணம் வேறொருவருடையது. 'குறித்த தேதிக்குப் படம் வரும், வராவிட்டால் நாங்களே எடுத்து முடிப்போம்' என்று உத்தரவாதம் தரும் கம்பெனி ஒன்றும் நடுவில் இருந்தது. 1991இல் முடித்திருக்க வேண்டிய படம் முடியவில்லை. 1992 மே மாதம் படம் அவர் கையைவிட்டுப் போனது. பாக்கியிருந்தது சுமார் கால் மணி நேரப் படம்தான். உத்தரவாதக் கம்பெனி வேறொருவரை வைத்து, பாட்டுகளைச் சேர்த்து, மலிவாக முடித்தது. 1993இல் படம் வெளியானது. கிட்டத்தட்ட 28 வருட உழைப்பு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

அவர் பேர் என்ன ஆனது? கைவேலைக்கான பேர் துளியும் குறையவில்லை. 2001இல் அவர் எழுதிய பாடப்புத்தகம் இல்லாத அனிமேஷன் வகுப்பு அபூர்வம். நடை, எடை, டைமிங் எதில் சந்தேகம் வந்தாலும் நானே இன்றும் அதைத்தான் புரட்டுகிறேன். 2013இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆஸ்கர் அகாடமியே அந்தப் படத்தை அவர் விட்ட நிலையிலேயே, பென்சில் கோடுகளோடு திரையிட்டது. ஆனால் 2019இல் இறக்கும்வரை இன்னொரு முழுநீளப் படத்தை அவர் முடிக்கவில்லை. கையை எல்லோரும் கொண்டாடினார்கள், காசைத்தான் யாரும் நம்பிக் கொடுக்கவில்லை.

இனி கலிஃபோர்னியா. 'டாய் ஸ்டோரி 2' கதை நேர் எதிர். தேதி மாறாது, 1999 நவம்பர். ஆனால் கையில் இருந்த படம் சுமார் என்று அதைச் செய்த அனிமேஷன் ஸ்டூடியோவான பிக்ஸார்காரர்களுக்கே பட்டது. அப்படியே கொடுத்திருந்தால் கெடுவைக் காப்பாற்றியவர்கள் என்ற பேராவது மிஞ்சியிருக்கும். அவர்கள் ஏறக்குறைய முழுப் படத்தையும் ஒன்பது மாதத்தில் மறுபடி செய்தார்கள். படம் உலகம் முழுக்க 50 கோடி டாலரை நெருங்கி வசூலித்தது. நேர்த்தி, நேரம் இரண்டிலும் பேர்.

விலை என்ன என்பதை, பிக்ஸாரின் தலைவராக இருந்த எட் கேட்மல் பிற்பாடு தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதினார். ஓயாத வேலையால் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கை, மணிக்கட்டு வலி ஏதோ ஒரு வடிவில் வந்திருந்தது. ஒரு கலைஞர் காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட மறந்து, காரிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். நல்ல வேளையாக ஞாபகம் வந்து ஓடினார்கள், நினைவிழந்து கிடந்த குழந்தை பிழைத்துக்கொண்டது. இதற்கு மேல் அந்த வெற்றியை என்னால் முழு மனதோடு கைதட்டி ரசிக்க முடியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. வில்லியம்ஸின் பிடிவாதம் சொந்தப் பணத்தில் இருந்தவரை குணமாக இருந்தது. அடுத்தவர் பணமும் தேதியும் வந்த நாளிலிருந்து அதே பிடிவாதம் வாக்குத் தவறலாக மாறியது. பிக்ஸார் வாக்கைக் காப்பாற்றியது, ஆனால் அதற்கான கடனை அடைத்தது ஊழியர்களின் உடம்பு. பேர் கம்பெனிக்குப் போனது, மணிக்கட்டு வலி வீட்டுக்குப் போனது.

நம்மைப் போல ஷாட் வாங்கிச் செய்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு பாட்டி இடுப்பில் குடத்தோடு படியேறும் ஷாட். 96 ஃப்ரேம், நாலே செகண்ட். குடம் இருக்கும் பக்கத்துக்கு எதிரே உடம்பு சாய வேண்டும். ஒவ்வொரு படியிலும் எடை முதலில் இடுப்பில் இறங்கி, அப்புறம்தான் தோளுக்கு ஏற வேண்டும். அந்தத் தோள் எனக்கு வரவே இல்லை. வியாழக்கிழமை கெடு. சூப்பர்வைசர் கேட்டபோதெல்லாம் "வந்துடும் சார்" என்றேன். திங்கட்கிழமைதான் கொடுத்தேன். ஷாட் அழகாக வந்திருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் என் ஃபைலுக்காக, எங்களுக்கு அடுத்த கட்டமான லைட்டிங்கில் இருந்த தம்பி சனிக்கிழமை ராத்திரி வரை காத்துக் கிடந்ததும், அன்று அவன் மகளுக்குப் பிறந்தநாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அடுத்த புராஜெக்டில் எனக்கு வந்ததெல்லாம் பின்னணியில் நடந்து போகும் கூட்டம்தான். யாரும் திட்டவில்லை. முக்கியமான ஷாட் என் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் பேர் கெடுவது இப்படித்தான், சத்தமே இருக்காது.

செவ்வாய்க்கிழமையே "சார், தோள் வியாழனுக்குள் வராது, கேமராவை முகத்துக்கு நெருக்கிடலாமா?" என்று கேட்டிருந்தால் பத்து நிமிடப் பேச்சில் முடிந்திருக்கும்.

ஆகவே எது மேல் என்று கேட்டால், சொந்தக் குறும்படம் என்றால் வில்லியம்ஸ் பக்கம் போங்கள், எத்தனை வருடமானாலும் சரி. கிளையன்ட் ஷாட் என்றால் தேதி பக்கம், தயங்காமல். ஆனால் தேதியைக் காப்பாற்றத் தூக்கத்தையும் மணிக்கட்டையும் கொடுக்காதீர்கள். ஷாட்டைச் சுருக்குங்கள். தேதி இடறப் போவது உங்களுக்குத்தான் முதலில் தெரியும், தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

இப்போது என் குழுவில் கெடுவுக்குப் பாதி நாள் ஆனதும், எந்த நிலையில் இருந்தாலும் சரி, பிளேபிளாஸ்ட் (ஷாட்டின் அவசர முன்னோட்ட வீடியோ) எடுத்து அனுப்பிவிட வேண்டும். எது வராது என்பதையும் கூடவே எழுத வேண்டும். போன வாரம் ஒரு தங்கச்சி எழுதியிருந்தாள்: "அக்கா, இடது கை நாளைக்கு வராது. தோள்பைக்குப் பின்னாடி மறைச்சிடலாமா?" மறைத்தோம். லைட்டிங்கில் எல்லோரும் ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.