யூஎஸ்ல எம்எஸ் அப்ளை பண்றவங்க கவனத்துக்கு: டெட்லைன் விஷயத்துல கன்சல்டன்சி சொல்றத அப்படியே நம்பாதீங்க

அடுத்த ஃபால்-க்கு, அதாவது ஆகஸ்ட் இன்டேக்குக்கு, அப்ளை பண்ணப்போற சென்னை பசங்களும் அவங்க அப்பா அம்மாவும் தயவு செஞ்சு முழுசா படிங்க. என் தம்பிக்கு நடந்தது இது. நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு கன்சல்டன்சி, பேரு போடல.

தம்பி ஈசிஇ ஃபைனல் இயர். அப்பா ரிட்டயர்மென்ட் காசுல 45,000 ரூபா கட்டினாரு. ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ பரீட்சை ரெண்டும் செப்டம்பருக்குள்ள முடிச்சுட்டான். ஆனா எப்ப அப்ளை பண்றதுன்னு கேட்டாலும் "டைம் இருக்கு சார், ஏழாவது செம் மார்க் வரட்டும், அதையும் சேர்த்தா ப்ரொஃபைல் ஸ்ட்ராங்கா இருக்கும்"னே சொல்லிட்டு இருந்தாங்க. கேக்க நியாயமா தான் இருக்கும், வில்லங்கமே அதுல தான்.

அவங்க குடுத்த எக்செல் ஷீட்ல டெட்லைன்னு ஒரே ஒரு காலம் (column), அதுல பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்னு தேதி. ஜனவரியில ஒரு நாள் ராத்திரி நான் உக்காந்து ஒவ்வொரு யூனிவர்சிட்டி டிபார்ட்மென்ட் பேஜா தொறந்து பாத்தா வயித்தக் கலக்கிடுச்சு. பல இடத்துல ஒரே கோர்ஸுக்கு ரெண்டு தேதி, டிசம்பர் 15 மாதிரி ஒரு ப்ரையாரிட்டி தேதி, அசிஸ்டன்ட்ஷிப் (யூனிவர்சிட்டியிலயே வேலை பாத்து உதவித்தொகை வாங்குறது), ஸ்காலர்ஷிப் வேணும்னா அதுக்குள்ள போட்டிருக்கணும், அதுக்கப்புறம் தான் கடைசி தேதி. ஷீட்ல அந்த முதல் தேதி எங்கயுமே இல்ல. பணத்துக்கான தேதிய மறைச்சுட்டு சும்மா சீட்டுக்கான தேதிய மட்டும் காட்டியிருக்காங்க.

இன்னொன்னு, அப்ளிகேஷனுக்கு அவங்களே ஒரு மெயில் ஐடி ஓபன் பண்ணி பாஸ்வேர்ட அவங்களே வச்சிருந்தாங்க. சண்டை போட்டு வாங்கி உள்ள போனா, முன்னாடியே போட்டிருந்த ஒரே அப்ளிகேஷனுக்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது காலேஜ் மார்க் விவரம், இன்னும் வரலன்னு யூனிவர்சிட்டி அனுப்புன மெயில் தொறக்காமலே கெடக்கு. எஸ்ஓபியில, அதாவது ஏன் இந்த கோர்ஸ் படிக்கணும்னு நம்மளே எழுதுற கட்டுரையில, மூணாவது பாராவுல வேற யூனிவர்சிட்டி பேரு. அவன் ஒவ்வொரு வரியா யோசிச்சு எழுதிக் குடுத்தத இப்படி பண்ணியிருக்காங்க, அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கல.

ஏன் லேட் பண்றாங்கன்னா கமிஷன். அமெரிக்காவுல ஃபெடரல் எய்டு (அந்த ஊரு மத்திய அரசோட கல்வி உதவிப் பணம்) வாங்குற காலேஜ், உள்ளூர் ஸ்டூடன்ட்ஸ சேர்த்துவிடுறதுக்கு தலைக்கு இவ்வளவுன்னு காசு குடுக்க சட்டம் விடாது, வெளிநாட்டுல இருந்து வர்ற நம்ம பசங்க விஷயத்துல அதுக்கு விலக்கு இருக்கு. அதனால கமிஷன் குடுக்குற காலேஜ் தான் அவங்களுக்கு முக்கியம். நல்ல டெட்லைன் எல்லாம் போனப்புறம், "இது ஒன்னு தான் ஓபனா இருக்கு, இல்லன்னா ஸ்ப்ரிங் போலாம்"னு தள்ளிவிடுறாங்க, எங்களுக்கும் அதே தான் சொன்னாங்க. ஸ்ப்ரிங், அதாவது ஜனவரி இன்டேக், எல்லாருக்கும் தப்புன்னு சொல்லல, ஆனா நிறைய டிபார்ட்மென்ட் அப்ப ஆளே எடுக்காது, ஃபண்டிங்கும் பெரும்பாலும் ஃபால்லயே பிரிச்சுக் குடுத்துடுவாங்க.

ஆகஸ்ட்ல கிளாஸ்னா முந்தின வருஷம் செப்டம்பர்லயே ப்ரொஃபசர்ங்க கிட்ட எல்ஓஆர் (சிபாரிசு லெட்டர்) கேட்டுடுங்க, நவம்பர் முடியுறதுக்குள்ள அப்ளிகேஷன் போயிடணும். பிஎச்டின்னா டிசம்பர் தொடக்கத்துலயே நிறைய மூடிடும். ஏழாவது செம் மார்க்குக்காக காத்திருக்க வேணாம், கையில இருக்குற மார்க்க வச்சு போடலாம், ஃபைனல் டிரான்ஸ்கிரிப்ட் அட்மிஷன் கெடச்சப்புறம் குடுக்கலாம். சீக்கிரம் அட்மிட் வந்தா ஐ-20 (விசாவுக்கு யூனிவர்சிட்டி குடுக்குற ஃபார்ம்) சீக்கிரம் வரும், 350 டாலர் செவிஸ் ஃபீஸ் (விசாவுக்கு முன்னாடி அமெரிக்க அரசுக்கு கட்டுறது) கட்டி ஜெமினி அமெரிக்க கான்சுலேட்டுல விசா இன்டர்வியூ ஸ்லாட் தேடவும் நேரம் இருக்கும். எஃப்-1, அதாவது ஸ்டூடன்ட் விசா, கோர்ஸ் ஆரம்பிக்க 365 நாள் முன்னாடியே கூட குடுப்பாங்க, அமெரிக்காவுக்குள்ள போறது மட்டும் கோர்ஸ் ஆரம்பிக்குறதுக்கு முந்தின 30 நாளுக்குள்ள தான். ப்ளஸ் டூ முடிச்சு யூஜி போறவங்களுக்கு இன்னும் சீக்கிரம், பல காலேஜுக்கு எர்லி டெட்லைன் நவம்பர் 1. அதுல எர்லி டிசிஷன்ல போட்டு கெடச்சா அங்கயே சேரணும், யாராவது அவசரப்படுத்தினா அத முதல்ல கேளுங்க.

காசு குடுக்காமலே விவரம் கேக்கலாம். யூஎஸ்ஐஇஎஃப் (இந்திய-அமெரிக்க அரசுகளோட கல்வி அமைப்பு) நடத்துற எஜுகேஷன்யூஎஸ்ஏ ஆலோசனை சென்டர் சென்னையிலயே இருக்கு, எந்த காலேஜ்லயும் கமிஷன் வாங்காதவங்க. மெயில் ஐடி, பாஸ்வேர்ட் உங்க கிட்டயே இருக்கட்டும்.

ரீஃபண்ட் கேட்டதுக்கு "சர்வீஸ் ஸ்டார்ட் ஆயிடுச்சு மேடம்"னு கைய விரிச்சுட்டாங்க. 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைண்ட் போட்டிருக்கோம், அதுல நடக்கலன்னா கன்ஸ்யூமர் கமிஷனுக்குப் போறோம். இதே மாதிரி மாட்டினவங்க ரசீதும் அந்த எக்செல் ஷீட்டும் பத்திரமா வச்சுக்கிட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்தே போடலாம்.